யாகோபா நாட்டை இழந்தது திருமணங்களாலா?

கல்லணை எழுதியது:

பொது இழையில் போன வாரம் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "ஹாலந்தின் யாகோபா நான்கு கல்யாணம் செய்து மூன்று நாடுகளைத் தொலைத்தவள்." பலரும் அதை ஆமோதித்திருந்தார்கள். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் ஓடிய கதை இதுதான். மனம்போன போக்கில் கணவரை மாற்றிய அவசரக்காரி, அதனால் பட்டாள் என்று. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அதனால்தான் தனி இழை.

ஆளைத் தெரியாதவர்களுக்காக முதலில் கதை. யாகோபா 1401 ஜூலையில் லெ கெனுவா என்ற ஊரில் பிறந்தார். அப்பா வில்லியம், பவேரியாவின் விட்டல்ஸ்பாக் வம்சத்தவர்; ஹாலந்து, சீலந்து, ஹைனோ மூன்றுக்கும் கோமகன். முதல் இரண்டும் இன்றைய நெதர்லாந்தின் கடலோரப் பகுதிகள். ஹைனோ தெற்கே இருக்கிறது. இன்று அதில் பெரும்பகுதி பெல்ஜியத்திலும் மீதி பிரான்சிலும் உள்ளது. அம்மா மார்கரெட், கிழக்குப் பிரான்சில் உள்ள பர்கண்டியின் டியூக் (கோமகனுக்கும் மேலான பிரபு) 'அச்சமற்ற' ஜானின் தங்கை. முறைப்படி பிறந்த ஒரே பிள்ளை யாகோபாதான்.

முதல் கணவர் பிரெஞ்சு அரசர் ஆறாம் சார்லஸின் மகன் ஜான். சிறுவயதிலேயே பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். 1415 டிசம்பரில் அண்ணன் இறந்ததும் இந்த ஜான் பிரான்சின் பட்டத்து இளவரசரானார். 1417 ஏப்ரலில் அவரும் இறந்தார். மே மாதக் கடைசியில் அப்பா வில்லியம், நாய் கடித்த புண் புரையோடி இறந்தார். இரண்டு மாதத்துக்குள் கணவனும் தகப்பனும் போய், 15 வயதுப் பெண் மூன்று நாடுகளுக்குத் தலைவியானாள்.

அப்பா விவரமானவர். 1416இலேயே ஹாலந்து, சீலந்துப் பிரபுக்களையும் நகரங்களையும் கூட்டி, எனக்குப் பின் என் மகள்தான் என்று சத்தியம் வாங்கி வைத்திருந்தார். ஹைனோ உடனே ஏற்றுக்கொண்டது. ஹாலந்திலும் பல நகரங்கள் ஏற்றன. டோர்ட்ரெக்ட் நகரம் மட்டும் யாகோபாவின் சித்தப்பாவான பவேரியாவின் ஜானைக் கூப்பிட்டது. இவர் லீஜ் நகரின் பிஷப்பாகத் தேர்வானவர். 1408இல் அங்கே எழுந்த கலகத்தை அடக்கிய விதத்துக்காக 'இரக்கமற்ற ஜான்' என்று பெயர் வாங்கியவர். குருப்பட்டம் பெறாமலே பதவியில் இருந்ததால், அதை உதறிவிட்டுக் கல்யாணமும் செய்துகொண்டு நாட்டுக்குப் போட்டியிட முடிந்தது.

இந்த நிலையில் அம்மாவும் தாய்மாமன் பர்கண்டி டியூக்கும் சேர்ந்து இரண்டாம் திருமணத்தை முடிவு செய்தார்கள். மாப்பிள்ளை, ஹாலந்துக்குத் தெற்கே உள்ள பிரபான்ட் நாட்டின் டியூக் நான்காம் ஜான். 1418 மார்ச்சில் தி ஹேக்கில் திருமணம். பெண்ணுக்கு 16, பையனுக்கு 14.

இதுவரை நடந்ததில் எதை யாகோபா மனம்போன போக்கில் செய்தார், சொல்லுங்கள். முதல் இரண்டு திருமணங்களையும் குடும்பம் செய்து வைத்தது. பின்னால் வந்த இரண்டும் நாட்டைக் காப்பாற்றவும் உயிரோடு மிச்சமிருக்கவும் செய்தவை. எதிரே நின்றவர்களைப் பாருங்கள்: ஒருவர் சித்தப்பா, இன்னொருவர் மாமன் மகன். இருவருமே யாகோபா பிள்ளையில்லாமல் போனால் சொத்து தங்களுக்கு என்று காத்திருந்தவர்கள்.


மகிழம்பூ எழுதியது:

நல்ல இழை. இரண்டு சந்தேகம். பிரபான்ட் ஜானின் அப்பா, யாகோபாவின் அம்மாவுக்குத் தம்பி என்று வேறொரு இடத்தில் படித்தேன். அப்படியானால் சொந்தத் தாய்மாமன் மகன். நம் ஊர்க் கணக்கில் உரிமையுள்ள முறைமாப்பிள்ளை. அங்கே இதுவே பிரச்சினையாகிப் போப்பாண்டவர் வரைக்கும் போனது எப்படி?

அடுத்தது, எல்லாரும் சத்தியம் செய்து கொடுத்த பிறகும் சித்தப்பா எந்த முகத்தோடு உரிமை கேட்டார்?


நீதிமேடை எழுதியது:

இரண்டுக்கும் சட்ட ரீதியாகப் பதில் சொல்லலாம். நான் தொழிலால் வழக்கறிஞன், இந்த வழக்கை ரசித்துப் படித்தவன்.

முதல் கேள்வி. அன்றைய திருச்சபைச் சட்டத்தில் நான்காம் தலைமுறை வரை இரத்த உறவில் மணம் செய்யத் தடை. மாமன் மகன் இரண்டாம் தலைமுறை, மிக நெருக்கம். போப் விலக்கு அளித்தால்தான் திருமணம் செல்லும். புதிதாகத் தேர்வான போப் ஐந்தாம் மார்ட்டின் 1417 டிசம்பரில் விலக்கு கொடுத்தார். சில வாரங்களில், 1418 ஜனவரியிலேயே, அதைத் திரும்பப் பெற்றார். காரணம் ஜெர்மன் நாடுகள் அடங்கிய புனித ரோமப் பேரரசின் தலைவர் சிகிஸ்மண்ட் (பேரரசர் முடியை 1433இல்தான் சூடினார்; எளிமைக்காகப் பேரரசர் என்றே சொல்கிறேன்). கான்ஸ்டன்ஸ் நகரில் நடந்த திருச்சபைப் பேரவையே சிகிஸ்மண்டின் கைக்குள் இருந்தது. அங்கே தேர்வான போப்புக்கு அவரை மீறுவது கடினம். ஆக, மார்ச்சில் தாலி ஏறிய நாளில் (நம் வழக்கில் சொல்வதானால்) கையில் செல்லுபடியாகும் அனுமதி இல்லை. 1419இல் அனுமதி மறுபடி கிடைத்தது. இந்த இடைவெளிதான் பத்து வருடம் வழக்காக இழுத்தது.

சிகிஸ்மண்டுக்கு இதில் என்ன அக்கறை? உறவுமுறையைப் பாருங்கள். அவருடைய தம்பி மகள் எலிசபெத். அவர் முதலில் பிரபான்ட் டியூக் அன்டோனியின் இரண்டாம் மனைவி. அன்டோனி 1415இல் அஜின்கோர்ட் போர்க்களத்தில் செத்தார். அந்த விதவை எலிசபெத்தை 1418இல் யாகோபாவின் சித்தப்பா ஜானுக்குக் கட்டி வைத்தார் சிகிஸ்மண்ட். அதாவது எலிசபெத் யாகோபாவுக்கு முதலில் மாமன் மனைவி, பிறகு கணவனின் சிற்றன்னை என்ற வகையில் மாமியார், கடைசியில் சித்தி. ஒரே பெண் மூன்று முறையில். தன் குடும்பப் பெண்ணுக்கு ஹாலந்து வரவேண்டும் என்று பேரரசர் நினைத்ததில் வியப்பில்லை.

இரண்டாம் கேள்வி. ஹாலந்தும் சீலந்தும் பேரரசின் மானியங்கள் (பேரரசர் ஆளக் கொடுத்த நிலங்கள்), ஆண் வாரிசு இல்லையென்றால் பேரரசுக்கே திரும்பிவிடும் என்றார் சிகிஸ்மண்ட். திரும்பிய மானியத்தைத் தன் விருப்பப்படி சித்தப்பா ஜானுக்கு வழங்கினார். கேட்க நியாயம் போலத் தெரியும். ஆனால் விட்டல்ஸ்பாக் குடும்பத்துக்கு ஹாலந்து வந்ததே ஒரு பெண் வழியாகத்தான். 1345இல் ஸ்டாவெரன் அருகே ஃப்ரீசியர்களோடு நடந்த சண்டையில் கோமகன் நான்காம் வில்லியம் வாரிசின்றி இறந்தார். நாடு அவர் சகோதரி மார்கரெட்டுக்குப் போனது. அந்த மார்கரெட்டின் கணவர் பவேரியாவின் லூயி, அன்றைய பேரரசர். அவரே முன்னின்று மனைவிக்கு மானியத்தை வழங்கினார். அந்த மார்கரெட்டின் சொந்தப் பேரன்தான் இரக்கமற்ற ஜான். பாட்டி வழியில் வந்த சொத்தில் உட்கார்ந்துகொண்டு, அண்ணன் மகளைப் பெண் என்பதால் செல்லாது என்று சொன்னார். எந்த நீதிமன்றத்திலும் இந்த வாதம் ஐந்து நிமிடம் நிற்காது.


சதுரங்கம் எழுதியது:

நீதிமேடை ஐயா சொன்னது சட்டம். ஆனால் இடைக்காலத்தில் நாட்டை ஆண்டது சட்டப் புத்தகம் இல்லையே. நான் எதிர்த்தரப்பில் நின்று சில விஷயங்கள் சொல்கிறேன்.

ஹாலந்தில் 1350 வாக்கிலிருந்தே இரண்டு கட்சி. ஒன்று மீன் கட்சி (காட் மீன்), மற்றது தூண்டில் கட்சி. 1345இல் வந்த அந்த மார்கரெட்டுக்கும் அவர் மகன் வில்லியமுக்கும் நடந்த சண்டையில் பிறந்த பிளவு இது. யாகோபா காலத்தில் பெரும்பாலும் பழைய பிரபுக்கள் தூண்டில் பக்கம், வளர்ந்துவந்த வணிக நகரங்கள் பல மீன் பக்கம். யாகோபாவின் அப்பா தூண்டில் கட்சியை வளர்த்துவிட்டுப் போனார். மீன் கட்சிக்காரர்கள் ஒதுக்கப்பட்டுக் கிடந்தார்கள். சித்தப்பா ஜான் வந்ததும் அவர்கள் அவர் பின்னால் போனது பெண்ணாட்சி பிடிக்காமல் இல்லை, பழைய கணக்கு. யாகோபா இடத்தில் ஒரு மகன் இருந்திருந்தாலும் கலகம் வந்திருக்கும்.

அடுத்து, யாகோபாவின் பெரிய தவறு ஹம்ஃப்ரி. பிரபான்ட் ஜானோடு ஒத்துப்போகவில்லை, சரி. இங்கிலாந்துக்குப் போய் குளோஸ்டர் டியூக் ஹம்ஃப்ரியை மணந்தது எந்த ராஜதந்திரம்? இங்கிலாந்தும் பர்கண்டியும் 1420 முதல் பிரான்சுக்கு எதிராகக் கூட்டாளிகள். ஹம்ஃப்ரியின் அண்ணன் பெட்ஃபோர்டு, பர்கண்டி டியூக் பிலிப்பின் தங்கையை 1423இல் மணந்தார். பிலிப்பைப் பகைக்கும் திருமணத்துக்கு இங்கிலாந்து எப்படி முழு மனதோடு துணை நிற்கும்? இது முன்கூட்டியே தெரிந்த விஷயம். வாரிசுரிமை அவர் பக்கம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். கணிப்பு அவர் பக்கம் இல்லை.


கல்லணை எழுதியது:

சதுரங்கம், கட்சிச் சண்டை பற்றி நீங்கள் சொன்னது சரியான பின்னணி. ஹம்ஃப்ரி விஷயத்தில் மட்டும் விலகி நிற்கிறேன். அதற்கு முன் பிரபான்ட் ஜானோடு "ஒத்துப்போகவில்லை" என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். அங்கேதான் முழுக் கதையும் இருக்கிறது.

1418 கோடையில் டோர்ட்ரெக்டை முற்றுகையிட்டார்கள், பலிக்கவில்லை. 1419 பிப்ரவரியில் வௌட்ரிகெமில் உடன்படிக்கை. சித்தப்பா வென்ற ஊர்கள் அவரிடமே இருக்கும், ஆட்சியிலும் பங்கு, யாகோபா பிள்ளையில்லாமல் இறந்தால் அவரே வாரிசு. நடுவராக இருந்தவர் யாகோபாவின் இன்னொரு மாமன் மகன், அப்போது இளவரசராக இருந்த பர்கண்டி பிலிப். பிற்பாடு எல்லாவற்றையும் விழுங்கியவர் இவர்தான், பெயரை நினைவில் வையுங்கள்.

1420 ஏப்ரலில் நடந்ததைப் படித்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சின்ட்-மார்ட்டென்ஸ்டைக்கில் கணவர் ஜான், ஹாலந்தையும் சீலந்தையும் 12 ஆண்டுகளுக்குச் சித்தப்பாவிடம் அடகு வைத்தார். தன் நாட்டை இல்லை. மனைவியின் பிறந்த வீட்டுச் சொத்தை, எந்த எதிரியிடமிருந்து காப்பாற்றக் கல்யாணம் செய்து வைத்தார்களோ அந்த எதிரியிடமே. அப்புறம் யாகோபாவோடு ஹாலந்திலிருந்து வந்த தோழிப் பெண்களை அரண்மனையிலிருந்து வெளியேற்றி, பிரபான்ட் பெண்களை அமர்த்தினார். யாகோபா அவரை விட்டுத் தாயிடம் போய்விட்டார்.

கணவனைப் பற்றி யாகோபா மிகைப்படுத்துகிறார் என்று நினைப்பவர்கள் பிரபான்ட் மன்றத்தாரைக் கேட்கலாம். அந்த டியூக்கின் சொந்தக் குடிமக்களே அவரால் ஆள முடியாது என்று அவருடைய தம்பி பிலிப்பைச் சில காலம் ஆட்சிப் பொறுப்பாளராக அமர்த்தினார்கள். ஊரே தகுதியில்லை என்று ஒதுக்கியவரோடு அவள் மட்டும் காலம் முழுக்க இருக்க வேண்டும், அப்படித்தானே?

1421 மார்ச்சில் யாகோபா ஹைனோவிலிருந்து கலே துறைமுகத்துக்கும், அங்கிருந்து இங்கிலாந்துக்கும் போனார். ஐந்தாம் ஹென்றி மரியாதையோடு வரவேற்றார். அந்த ஆண்டு டிசம்பரில் பிறந்த குழந்தைக்கு, பின்னாளைய ஆறாம் ஹென்றிக்கு, ஞானத்தாயாக நின்றவர்களில் யாகோபாவும் ஒருவர். 1422 ஆகஸ்டில் ஹென்றி இறந்தார். கொஞ்ச நாளில் அவர் தம்பி ஹம்ஃப்ரியோடு திருமணம்.

இப்போது கேள்வி: அவருக்கு வேறு யார் இருந்தார்கள்? பிரான்சின் பட்டத்து இளவரசர் தன் நாட்டிலேயே பாதியை இழந்து நின்றார். பர்கண்டி பிலிப், யாகோபாவின் சொத்துக்குக் காத்திருந்த வாரிசு. பேரரசர் எதிரி. படையும் கப்பலும் உள்ள ஒரே வீடு இங்கிலாந்து. அந்த வீட்டில் மணமாகாத இளவரசரும் இருந்தார். படை வேண்டுமென்றால் கணவன் வேண்டும். பெண் தலைவி கூலிப்படை திரட்டிப் போர் நடத்தினால் கணவன் எங்கே என்று கேட்ட காலம் அது.


மகிழம்பூ எழுதியது:

படை வேண்டுமென்றால் கணவன் வேண்டும், சரி. ஆனால் இரண்டாம் கணவர் உயிரோடு இருக்கும்போது மூன்றாம் திருமணம் எப்படிச் செல்லும்? அதை அவர் யோசிக்காமலா இருந்திருப்பார்?


நீதிமேடை எழுதியது:

யோசித்தார் அம்மா. மேலே சொன்ன அந்த இடைவெளிதான் அவருடைய வாதம். திருமணம் நடந்த நாளில் விலக்கு இல்லை, ஆகவே அது தொடக்கத்திலிருந்தே செல்லாது, ஆகவே நான் முறைப்படி பிரபான்ட் ஜானின் மனைவியாக இருந்ததே இல்லை. சட்டப்படி நல்ல வலுவான வாதம். ஐந்தாம் மார்ட்டின் தீர்ப்பைத் தள்ளிக்கொண்டே போனதால், அவரை எதிர்த்து ஸ்பெயினில் தனியாகப் போப் என்று உட்கார்ந்திருந்த பதின்மூன்றாம் பெனடிக்டிடம் போய்ச் சாதகமான முடிவு வாங்கினார்கள். இதில் சதுரங்கம் சொல்வதற்கு நானும் தலையசைப்பேன். பெனடிக்டை அப்போது ஏறக்குறைய யாருமே ஏற்கவில்லை. அவரிடம் போனது மார்ட்டினைச் சீண்டியதுதான் மிச்சம்.

மார்ட்டினின் தீர்ப்பு 1428 ஜனவரியில் வந்தது. பிரபான்ட் திருமணம் செல்லும், ஹம்ஃப்ரி திருமணம் செல்லாது. கவனியுங்கள், பிரபான்ட் ஜான் 1427 ஏப்ரலிலேயே இறந்துவிட்டார். அதாவது தீர்ப்பு வந்த நாளில் யாகோபா ஒரு விதவை. ஹம்ஃப்ரி நினைத்திருந்தால் மறுநாளே முறையாக மணந்திருக்கலாம். தடை எதுவும் மிச்சமில்லை.


கல்லணை எழுதியது:

ஹம்ஃப்ரி என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1424 அக்டோபரில் இருவரும் படையோடு கலேயில் இறங்கினார்கள். ஹைனோ மன்றம் அவரைக் கோமகனாக ஏற்றது. 1425 ஜனவரியில் சித்தப்பா ஜான் தி ஹேக்கில் இறந்தார். பிரார்த்தனைப் புத்தகத்தின் தாளில் நஞ்சு தடவிக் கொன்றார்கள் என்று அன்றே பேச்சு. சித்தப்பா முன்கூட்டியே தன் உரிமையைப் பர்கண்டி பிலிப்புக்கு எழுதி வைத்திருந்தார். சித்தப்பா போனதும் மாமன் மகன் நேரடியாகக் களத்தில் இறங்கினார்.

பிலிப்பும் ஹம்ஃப்ரியும் ஒருவருக்கொருவர் கோபக் கடிதங்கள் எழுதி, கடைசியில் ஒண்டிக்கு ஒண்டி மோதித் தீர்த்துக்கொள்வோம் என்று நாள் குறித்தார்கள். பிலிப் எஸ்டான் கோட்டைப் பூங்காவில் அதற்காகப் பயிற்சியே எடுத்தார். ஹம்ஃப்ரி, சண்டைக்குத் தயாராக வேண்டும் என்று சொல்லி 1425 ஏப்ரலில் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். கூடப் போனவர் எலியனோர் காப்ஹம், யாகோபாவின் சேடிகளில் ஒருவர். மோதலைப் போப் தடுத்துவிட்டார். ஹம்ஃப்ரி திரும்பி வரவே இல்லை. யாகோபா ஹைனோவின் மோன்ஸ் நகரில் தனியாக. சுற்றிலும் முற்றுகை, ஊர்க்காரர்கள் அவரையே பிடித்துக் கொடுக்கத் தயாராகிவிட்டார்கள். ஜூனில் அங்கிருந்து கணவருக்கு உருக்கமாகக் கடிதம் எழுதினார். அது போய்ச் சேரவில்லை, வழியில் பிலிப்பின் ஆட்கள் கையில் சிக்கியது. அந்த மாதமே அவரைப் பிலிப்பிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பிலிப்பின் ஃபிளாண்டர்ஸ் நாட்டில் உள்ள கென்ட் நகரில் காவல்.

1428இல் லண்டனில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி. ஸ்டாக்ஸ் சந்தைப் பெண்கள் கூட்டமாக நாடாளுமன்றத்துக்குப் போய், பிரபுக்களிடம் கடிதம் கொடுத்தார்கள். டியூக் தன் மனைவியை எதிரியிடம் தவிக்கவிட்டு இன்னொருத்தியோடு வாழ்வது வெட்கக்கேடு என்று. கடல் தாண்டி இருக்கும் ஒரு பிரபுப் பெண்ணுக்காகச் சந்தையிலிருந்து எழுந்துவந்து, நாட்டின் பாதுகாவலராக இருந்தவரை முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். ஹம்ஃப்ரி அதற்குப் பிறகும் எலியனோரைத்தான் மணந்தார்.

சதுரங்கம், ஹம்ஃப்ரியை நம்பியது தவறு என்றால் அந்தத் தவறின் பாரம் யார் மேல் விழ வேண்டும்? நம்பியவர் மேலா, கைவிட்டவர் மேலா?


பனையோலை எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இப்ப நெதர்லாந்தில் லைடனுக்குக் கிட்ட இருக்கிறேன். இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் யாகோபாவைப் பற்றிப் படிப்பார்கள். நீங்கள் எல்லாரும் திருமணங்களையே பேசுகிறீர்கள். அவர் மூன்று வருடம் போர் நடத்தினதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

கென்ட் காவலில் இருந்து 1425 செப்டம்பர் வாக்கில் ஆண் உடை போட்டுத் தப்பினார். குதிரையில் அன்ட்வெர்ப், அங்கிருந்து வடக்கே ஸ்கோன்ஹோவன், கௌடா. வந்து சேர்ந்து சில கிழமைக்குள், அக்டோபர் 22இல், ஆல்ஃபென் என்ற இடத்தில் லைடன், ஹார்லெம், ஆம்ஸ்டர்டாம் நகரப் படைகளை முறியடித்தார். கணவர் இல்லை, இங்கிலாந்துப் படை இல்லை. அடுத்த ஏப்ரலில் அதே ஆல்ஃபெனில் இன்னொருமுறை வென்றார். ஆல்ஃபெனில் இப்ப அடுக்குமாடி வீடும் கால்வாயும்தான். வாய்க்கால் கரையில் நின்று பார்த்தால், படகில் வந்த படையை இறங்க முதலே மடக்கலாம் என்று விளங்கும். தண்ணீரும் சேறும் தெரிந்த ஆளுக்குத்தான் அங்கே வெற்றி.

கென்னமர்லாந்து என்று ஹார்லெமுக்கு வடக்கே உள்ள பகுதி. அங்கத்தைய விவசாயிகள் 1426இல் யாகோபா பக்கம் எழுந்தார்கள். வரிச்சுமை தாங்காமல் எழுந்தவர்கள். பிலிப் அடக்கின பிறகு அவர்களுக்குப் பெரும் தண்டம் போட்டு, ஆயுதம் பறித்து, பழைய சலுகைகளையும் எடுத்தார். ஆக, பழைய பிரபுக்கள் மட்டும் அவர் பக்கம் என்று சொல்வது பொருந்தாது.

ஹம்ஃப்ரி ஒரே ஒருமுறை உதவி அனுப்பினார். ஃபிட்ஸ்வால்டர் பிரபுவின் கீழ் ஒரு படை. 1426 ஜனவரி 13இல் சீலந்தின் ப்ரௌவர்ஸ்ஹாவனில் இறங்கின இடத்திலேயே பிலிப் அதை அழித்துவிட்டார்.


சதுரங்கம் எழுதியது:

பனையோலை சகோதரி, போர் விவரத்துக்கு நன்றி. அதே போரின் இன்னொரு பக்கத்தையும் வைக்கிறேன். 1425இல் ஸ்கோன்ஹோவன் கோட்டை தூண்டில் கட்சியிடம் விழுந்தபோது, காவலில் இருந்த மற்றவர்களை விட்டுவிட்டு பெய்லிங் என்பவரை மட்டும் உயிரோடு புதைத்தார்கள். யாகோபாவின் பெயரால் நடந்த செயல் இது. அவரைக் காவியத் தலைவியாக்கும்போது பெய்லிங்கையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும்.

கல்லணை கேட்டதற்குப் பதில். கைவிட்ட ஹம்ஃப்ரி மேல்தான் பாரம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாடு யாருக்குப் போனது என்பதைத் தீர்மானித்தது வேறொன்று, பணம். பிலிப்புக்கு ஃபிளாண்டர்ஸ் இருந்தது. கென்ட், ப்ரூக் நகரங்களின் துணி வணிகம் இருந்தது. தோற்றால் அடுத்த வருடம் இன்னொரு படையோடு வர முடிந்தவர் அவர். யாகோபா ஒருமுறை தோற்றால் எழ முடியாது. மீன் கட்சி நகரங்களுக்கும் முடிவில்லாத உள்நாட்டுச் சண்டையை விட, கடலையும் ஆறுகளையும் திறந்துவைக்கும் ஒரே ஆட்சி மேல் என்று தோன்றியிருக்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.


கல்லணை எழுதியது:

பெய்லிங்கைப் பற்றிச் சொன்னது நியாயம். கட்சிப் பகையில் இரண்டு பக்கமும் கை நனைத்திருக்கிறது. பணம் பற்றிய உங்கள் கருத்து என் வாதத்துக்கு எதிரானதும் இல்லை. தோல்விக்குக் காரணம் பிலிப்பின் கருவூலம் என்றால், "நான்கு கல்யாணம்" என்ற பழி எங்கே நிற்கிறது?


நீதிமேடை எழுதியது:

1428 ஜூலை 3, டெல்ஃப்ட் உடன்படிக்கை. இதை விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு பெண்ணின் உரிமையைப் பெயரளவில் வைத்துக்கொண்டு உள்ளே காலி செய்வது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான பத்திரம் நான் பார்த்ததில்லை.

யாகோபா கோமகள் பட்டத்தோடு தொடர்வார். பிலிப் ஆட்சிப் பொறுப்பாளர், அவரே வாரிசும். நிர்வாகத்துக்கு ஒன்பது பேர் கொண்ட மன்றம். அதில் ஆறு பேரைப் பிலிப் நியமிப்பார், மூன்று பேரை யாகோபா. அடுத்த ஷரத்துதான் முக்கியம். பிலிப், யாகோபாவின் அம்மா, மூன்று நாட்டு மன்றங்கள் ஆகியோரின் சம்மதம் இல்லாமல் யாகோபா மறுமணம் செய்யக் கூடாது. செய்தால் குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை, பிலிப்புக்குக் கீழ்ப்படியலாம்.

யாகோபாவுக்கு அப்போது 26 வயது. மணம் செய்தால் பிள்ளை பிறக்கும், பிள்ளை பிறந்தால் பிலிப்புக்கு ஒன்றும் இல்லை. சம்மதம் தர வேண்டியவரே பிள்ளை பிறக்காமல் இருந்தால் இலாபம் அடைபவர். பாதுகாவலனும் வாரிசும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது சொத்துச் சட்டத்தின் பாலபாடம்.


மகிழம்பூ எழுதியது:

அப்படியானால் நான்காம் திருமணம் இந்த ஷரத்தை மீறியதா? அதுதான் காதல் கல்யாணம் என்று சொல்கிறார்களே?


கல்லணை எழுதியது:

நான்காமவர் ஃபிராங்க் வான் பொர்செலே. சீலந்துப் பிரபு, அதிலும் மீன் கட்சிக்காரர், அதாவது யாகோபாவின் பழைய எதிர்க்கட்சி. 1430இல் பிலிப் ஹாலந்து, சீலந்து வருமானத்தையும் நிர்வாகத்தையும் பொர்செலே குடும்பத்தாரிடம் ஒப்படைத்தார். அந்த வகையில் ஃபிராங்குக்கும் யாகோபாவுக்கும் பழக்கம். 1432இல் இருவரும் ரகசியமாக மணந்தார்கள், பிலிப் ஃபிராங்கைப் பிடித்து ருபெல்மொண்டே கோட்டையில் அடைத்தார், அவர் உயிரைக் காப்பாற்ற யாகோபா நாட்டை எழுதிக் கொடுத்தார் என்பது பரவலான கதை. ஃபிராங்கின் கைது உண்மை. 1433 ஏப்ரலில் யாகோபா மூன்று நாடுகளையும் பிலிப்புக்கு விட்டுக்கொடுத்ததும் உண்மை. 1434இல் ஊரறியத் திருமணம் நடந்ததும் உண்மை. ரகசியத் திருமணம் பற்றி மட்டும் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

காதலா இல்லையா என்பதற்கு நான் போகமாட்டேன். நாடு ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது, 1428லேயே. 1433இல் போனது பட்டம். அதற்கு ஈடாக வாழ்நாள் வருமானமும், வோர்ன், தெற்குப் பெவலாந்து முதலிய நிலங்களும், ஹாலந்துக் காடுகளின் தலைமை அதிகாரி என்ற பதவியும் வாங்கிக்கொண்டார். பட்டத்தை வெறுமனே தூக்கி எறியவில்லை, விலை பேசித்தான் கொடுத்தார். 1436 அக்டோபரில் டெய்லிங்கன் கோட்டையில் காசநோயால் இறந்தார். 35 வயது.

இன்னொன்று. யாகோபாவின் சித்தியான அந்த எலிசபெத் நினைவிருக்கிறதா? அவருக்கு லக்சம்பர்க் இருந்தது. அவரும் இரண்டு கணவரை இழந்து, பிள்ளையில்லாமல், கடனில் மூழ்கினார். அவரிடமிருந்து லக்சம்பர்க்கை ஒப்பந்தம் போட்டு வாங்கி 1443இல் கைப்பற்றியவரும் இதே பிலிப். எலிசபெத் நான்கு கல்யாணம் செய்யவில்லை. ஆனாலும் நாடு போனது. வாரிசில்லாத உறவுக்காரப் பெண், கடன், உதவிக்கு வரும் பெரிய வீட்டுப் பிள்ளை, கடைசியில் ஒரு பத்திரம். இரண்டு இடத்திலும் அதே வழிமுறைதான்.


பனையோலை எழுதியது:

டெய்லிங்கன் எனக்குப் பக்கத்து ஊர். வட்டமான செங்கல் மதிலும், ஒரு வாழ்விடக் கோபுரமும் இடிபாடாக நிற்கின்றன. சுற்றிலும் பூக்கிழங்குத் தோட்டங்கள். அந்த அகழியில் இருந்து பிற்காலத்தில் நிறைய மண்குடுவைகள் எடுத்தார்கள். வெளிறிய சாம்பல் நிறம், ஒல்லியாக உயர்ந்தவை. அடியில் ஈரமாக இருக்கும்போதே விரலால் கிள்ளிக் கிள்ளி நெளிநெளியாக விட்ட பாதம். இவற்றை யாகோபா குடுவை என்றே இங்கே கூப்பிடுகிறார்கள். அவர் தன் கையால் வனைந்தார் என்று ஒரு கதை, குடித்துவிட்டுத் தோளுக்குப் பின்னால் அகழிக்குள் எறிந்தார் என்று இன்னொரு கதை. உண்மையில் இவை ஜெர்மனியின் ஸீக்பர்க் ஊரில் ஆயிரக்கணக்கில் சுட்டு விற்ற சாதாரணக் குடுவைகள். ஹாலந்து முழுக்கக் கிடைக்கும்.

ஆல்ஃபெனில் இரண்டு தரம் படை நடத்தின பெண்ணை ஊர் ஞாபகம் வைத்திருப்பது குடிகாரி என்றும் பொழுதுபோக்குக் குயத்தி என்றும். கல்லணை அண்ணா தொடங்கின "அவசரக்காரி" பேச்சும் இந்த வரிசையில்தான் வருகிறது என்று நினைக்கிறேன்.


மகிழம்பூ எழுதியது:

ஃபிராங்க் என்ன ஆனார்? அவரையும் பிலிப் ஒழித்துவிட்டாரா?


நீதிமேடை எழுதியது:

இல்லை. யாகோபா இறந்த பின் அவர் பிலிப்பின் ஆளாகவே நன்றாக வாழ்ந்தார். 1445இல் பர்கண்டியின் மிக உயர்ந்த கௌரவமான தங்கக் கம்பளி வீரர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். 1470 வரை இருந்தார்.

பிலிப்பின் மகன் சார்லஸ் 1477 ஜனவரியில் நான்சியில் போரில் செத்தார். அவருக்கு ஒரே மகள் மேரி, 19 வயது. பிரெஞ்சு அரசர் பதினொன்றாம் லூயி உடனே பர்கண்டி டியூக் பகுதியைப் பிடித்துக்கொண்டார். ஆண் வாரிசு இல்லாததால் அது பிரெஞ்சு முடிக்குத் திரும்பிவிட்டது என்றார். ஹாலந்தில் சிகிஸ்மண்ட் 1418இல் சொன்ன அதே வாதம். மேரியும் படை வேண்டி ஒரு கணவரைத் தேட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் குடும்பத்து மாக்ஸிமிலியனை மணந்தார். யாகோபாவிடமிருந்து பிலிப் வாங்கிய ஹாலந்தும் சீலந்தும் ஹைனோவும் அந்தத் திருமணத்தின் வழியாக ஹாப்ஸ்பர்க் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. மேரிக்குத் தனி இழை தொடங்க யாராவது முன்வந்தால், நிலமானியச் சட்டப் பகுதியை நான் எழுதித் தருகிறேன்.